அந்தோணி அண்ணனின் பல் செட்

தினேஷுக்கு, அப்பா எழுதுவது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற ஆளா இவர் என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். ஒரு முறை நீ குளிக்கப் போய்விட்டாய். ஒரு முறை உன் அம்மா சோறு போட வந்துவிட்டாள். மூன்றாவது முறை யாரும் குறுக்கே வரவில்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை, உன் அம்மா படிக்கட்டும், உன் அக்கா வந்தால் அவளும் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ ஜொகூர் பாருவுக்குக் கிளம்புகிறாய், சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலைக்கு. பல் தொழில்நுட்பராக நீ வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழின் விண்ணப்பம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டியபடி கையெழுத்தில்லாமல் தொங்குகிறது. இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. "எனக்கு இந்தத் தொழில் சரிப்பட்டு வராதும்மா, எனக்குக் கண்ணு இல்ல" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னதை நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான், நானும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சும்மா இருந்தேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற பிள்ளைமேல் யாருக்காவது பொறாமை வருமா என்று கேட்பார்கள். வரும், தினேஷ். மற்றவன்மேல் வந்தால் நாலு பேரிடம் அவனைத் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். உன்மேல் வந்ததை நான் யாரிடம் போய்ச் சொல்வது? சிரித்த முகத்தோடு உள்ளுக்குள் வைத்துக்கொண்டே இருந்தேன், அது அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது.

குருபோங்கில் பல் செட் செய்யும் நம் லேபுக்கு நான் வந்தபோது நீ பிறக்கவில்லை. அப்போது நாம் பெம்பானில் இருந்தோம். கிளினிக்குகளுக்கு மோட்டாரில் போய் வாய் அச்சுகளை வாங்கி வருவது, முடிந்த பல் செட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஒருநாள் பிளாஸ்டர் ஊற்றும் ஆள் வரவில்லை. முதலாளி, நம் தவுக்கே, என்னைக் கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுத்தார். அப்படியே பிளாஸ்டர், பிறகு மெழுகு, பிறகு பல் அடுக்குவது, மெருகு போடுவது என்று மேசை மேசையாக நகர்ந்தேன். யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன், கெடுத்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி செய்தேன். இருபத்தெட்டு வருடத்தில் மலாக்காவின் பாதி வாய்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன என்று நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

நீ எஸ்பிஎம் பரீட்சை முடித்துவிட்டு, பல் தொழில்நுட்ப டிப்ளமா படிக்கிறேன் என்றபோது நான்தான் முதலில் குதித்தேன். அது பொய்யில்லை. கோலாலம்பூருக்கு உன் பெட்டியைத் தூக்கி வந்தவனும் நான்தான். முதல் வருட தீபாவளிக்கு நீ ஒரு பெரிய கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கிக் கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கோலிக்குண்டைவிடப் பெரிதாக, மேடும் பள்ளமும் கச்சிதமாக. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர் சொன்னாய். நான் இத்தனை வருடம் "மேடு, பள்ளம், ஓரம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த இடங்களுக்கெல்லாம் உன்னிடம் பெயர் இருந்தது. "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பள்ளத்துல ஆழம் பத்தல" என்றேன். ஆழம் சரியாகத்தான் இருந்தது. உன் வயதில் எனக்கு அப்படிச் செதுக்க வராது. அந்தப் பல் இன்னும் லேபில் என் இழுப்பறையில் இருக்கிறது, வேண்டுமானால் நீயே எடுத்துப் பார்.

டிப்ளமா முடிந்தது, சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தாய், எண் வந்தது. தொழில் செய்வதற்கான சான்றிதழ் வந்தது. தவுக்கே அதைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார். அந்த இடத்தில் என் ஹெல்மெட்டை மாட்டும் கொக்கி இருந்தது. அதைப் பிடுங்கிக் கழிவறைப் பக்கத்துச் சுவரில் அடித்தார். அவருக்கு அது ஒரு கொக்கி. நான் மட்டும் தினமும் காலையில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பேன். உன் பெயருக்குக் கீழே நம் அப்பன் பாட்டன் யாருக்கும் கிடைக்காத ஓர் எண். அந்தப் பெயரின் பின்பாதி என் பெயர்தான், அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அதன் பிறகு தவுக்கே ஒரு விதி வைத்தார். லேபைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் பதிவு பெற்றவர் பார்த்துக் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும். லேபில் பதிவு பெற்றவன் நீ ஒருவன். ஆக, நான் செய்யும் செட்டும் உன் மேசைக்கு வந்து, நீ திருப்பிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். நீ ஒருபோதும் திமிராக நடந்துகொள்ளவில்லை. "ப்பா, உங்களோடத நான் பாக்கணுமா என்ன" என்று சிரித்துக்கொண்டே போடுவாய். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது. மஸ்ஜித் தானாவில் இருக்கும் டாக்டர் ஒருவர், பதினைந்து வருடமாக என்னிடம் மட்டுமே பேசியவர், ஒருநாள் ஃபோனில் "உங்க பையன் இருக்காரா? அவர்கிட்ட குடுங்க" என்றார். நான் ரிசீவரை உன்னிடம் நீட்டிவிட்டு மெருகு போடும் இயந்திரத்தை ஓடவிட்டேன். உனக்குக் காது கேட்கக் கூடாது என்றுதான் ஓடவிட்டேன். கோயிலில் ஒரு பெண்மணி உன் அம்மாவிடம், "அப்பாவும் மகனும் ஒரே வேலைதானே?" என்று கேட்டதற்கு இவள் சொன்ன பதில்: "இவரு சும்மா செய்வாரு. அவன் படிச்சிட்டுச் செய்றான்." இருபத்தெட்டு வருடம் சும்மா செய்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை, ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

சென்ற வருடம் நீ எனக்காக ஒரு வழி தேடிக்கொண்டு வந்தாய். படிக்காமல் வேலையில் கற்றவர்களுக்கு, அனுபவத்தை வைத்தே திறன் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். "உங்களுக்கு என்னோட பதிவு கிடைக்காதுப்பா, அதுக்கு டிப்ளமா வேணும். ஆனா இது கிடைக்கும். ஒரு ஃபைல் கட்டிக் குடுத்தா போதும், ஆளு வந்து பாப்பாங்க. நானே கட்டித் தரேன்" என்றாய். எவ்வளவு அக்கறையாகச் சொன்னாய்! நான் சொன்னது: "உனக்குக் கீழ ஒக்காந்து நான் பாஸ் பண்ணணுமா? வேற வேல இல்ல." அந்த நீலக் கோப்பைப் பிளாஸ்டர் வாளிக்கு அடியில் வைத்தேன், தரை கறையாகாமல் இருக்க. நீ அதைப் பார்த்தாய்.

இனி அந்தோணி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பெம்பானில் நம் பக்கத்து வீட்டுக்காரர், லாரி ஓட்டியவர், உன்னை முதன்முதலில் லாரியில் முன்னால் உட்கார வைத்து ஜாசினுக்குக் கூட்டிப் போனவர். மகள் கல்யாணத்தில் மைக் பிடித்துப் பேச வேண்டும், அதற்குள் பல் செட் வேண்டும் என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். அவருடைய வாய் அச்சும், அவர் கடித்துக் கொடுத்த கடி மெழுகும் நம் லேபுக்கு வந்தன. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மெழுகில் பல் அடுக்கி வாயில் போட்டுப் பார்க்கும் கட்டத்தை விட்டுவிடுங்கள், நேராக முடித்துக் கொடுங்கள் என்று கிளினிக் சொல்லிவிட்டது. நீ முடியாது என்றுதான் முதலில் சொன்னாய். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்று தெரிந்ததும் சரி என்றாய்.

பல்லே இல்லாதவர்களைக் கடிக்கச் சொன்னால் பாதிப் பேர் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளித்தான் கடிப்பார்கள். வருடக் கணக்கில் ஈறால் மென்ற பழக்கம். மெழுகு அப்படியே இறுகிவிடும். அந்த மெழுகை நம்பி மேலச்சையும் கீழச்சையும் பூட்டிப் பல் அடுக்கினால், லேபில் எல்லாம் அழகாகப் பொருந்தும், வாயில் மட்டும் பொருந்தாது. இதைப் புத்தகத்திலும் எழுதியிருப்பார்கள். ஆனால் எழுதியிருப்பது வேறு, மேசையில் கிடக்கும் ஓர் அச்சைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றுவது வேறு. அந்த வியாழக்கிழமை மத்தியானம் நீ அந்தோணி அண்ணனின் அச்சைப் பூட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கும் ஏதோ உறுத்தியிருக்கிறது. கண் இல்லாதவனுக்கு உறுத்தாது, தினேஷ். இதைக் கவனமாகப் படி. என்னைக் கூப்பிட்டாய். "ப்பா, இது ஓகேவா? கொஞ்சம் பாருங்களேன்."

நான் எழுந்துகூட வரவில்லை. "கையெழுத்து உன்னோடதுதானே? நீயே பாத்துக்க" என்றேன்.

அப்பா வேலை மும்முரத்தில் பார்க்காமல் சொல்லிவிட்டார் என்று நீ நினைத்தாய். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பார்த்திருந்தேன். காலையிலேயே, நீ வருவதற்கு முன்னால், பெட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். மேலச்சையும் கீழச்சையும் கையில் சேர்த்துப் பிடித்ததுமே கீழ்த்தாடை முன்னுக்கு வந்திருப்பது தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ முறை கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி "டாக்டர், கடி திரும்ப எடுங்க" என்று சொன்னவன் நான். அன்று சொல்லவில்லை. பெட்டியை மூடி உன் மேசையில் வைத்தேன். போகட்டும், அந்தக் கையெழுத்தோடு ஒன்று திரும்பி வரட்டும், அப்போதாவது தெரியட்டும் என்று நினைத்தேன். அந்தோணி அண்ணன் பெயர் பெட்டிமேல் எழுதியிருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் மூடினேன்.

கல்யாண மண்டபத்தில் நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு மைக் முன்னால் போனார். ஒரு மாதமாக எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தார். "எல்லாருக்கும் வணக்" என்பதற்குள் மேல் செட் நழுவிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி பேச வந்தார், மறுபடி நழுவியது. பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசியில் இரண்டு செட்டையும் கழற்றிக் கைத்துடைக்கும் தாளில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எல்லாரும் சாப்ட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாளை மடித்தது மடித்தபடி முழங்காலில் வைத்திருந்தார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? குளிர்ச்சியாக இருந்தது. அதைத்தான் நான் எழுதவே கூசுகிறேன். அடுத்த நிமிடம் அண்ணனின் உள்ளே மடிந்த உதட்டைப் பார்த்தேன், அவர் மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நீ மறுநாளே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், கடி திரும்ப எடுக்க வைத்து, முழு செட்டையும் புதிதாகச் செய்து கொடுத்தாய். பழைய அச்சையும் புதிய அச்சையும் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினாய். "இத பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கணும்லப்பா?" என்று கேட்டாய். நான் சொன்னேன், "அதுக்கு அனுபவம் வேணும்டா." அந்த வார்த்தையை இப்போது எழுதும்போது என் கையை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. நீ தலையாட்டிவிட்டுப் போனாய். ஒரு வாரம் நான் லேபில் ராஜாபோல இருந்தேன். டாக்டர்களின் ஃபோனை நீயே என்னிடம் கொடுக்க ஆரம்பித்தாய். உன் சட்டத்துக்கு முன்னால் நான் நிற்பதை விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஃபிரிட்ஜ் கதவில் அந்த விண்ணப்பம் அசையாமல் தொங்குவதைக் கவனித்தேன், கிடங்கு வேலை பற்றி உன் அம்மா சொன்னாள்.

போன சனிக்கிழமை பெம்பானுக்குப் போய் அந்தோணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செட்டு இப்ப ஜோரா இருக்குடா. முறுக்கே கடிக்கிறேன் லா. ஆனா கல்யாணம் திரும்ப வருமா?" என்றார். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா இத எங்கிட்ட வந்து சொல்ற? எனக்குப் பல்லு வந்திருச்சு. அவனுக்கு என்ன வந்துச்சு? போய் அவன்கிட்ட சொல்லு" என்றார். அந்தப் பேச்சுத் தாள் இன்னும் அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நான் பார்த்தேன்.

தவுக்கேயிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி தெரிந்தே விட்டது எத்தனை என்று மலாயில் கேட்டார். ஒன்றுதான் என்றேன். நம்பினாரா தெரியவில்லை. இனிமேல் கடியைப் பார்ப்பவன் பெயரும் சீட்டில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்று, அதுவும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது. உனக்குப் பக்கத்தில் உன்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவன் வந்து உட்காருவான், வயதில் சின்னவனாக இருப்பான், ஒருவேளை உன் பிள்ளையாகவே இருப்பான். அன்று வயிறு எரியும். எரியட்டும், அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அவன் "கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால் எழுந்து போய்ப் பார். நடுவில் கிடப்பது மூன்றாவது ஒருவனுடைய வாய்.

வாளிக்கு அடியிலிருந்து அந்த நீலக் கோப்பை எடுத்துத் துடைத்தேன். அட்டையில் வட்டமாகக் கறை பிடித்திருக்கிறது, போகவில்லை. மூன்று நாளாக உட்கார்ந்து எழுதினேன். செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். எனக்கு எங்கே அத்தாட்சி? என் வேலையெல்லாம் ஊரார் வாயில் இருக்கிறது, சிலது அவர்களோடேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தோணி அண்ணன், "இந்தா, என் வாயப் போட்டோ எடுத்துக்க" என்று பல்லைக் காட்டினார். "அது தினேஷ் செஞ்சதுண்ணே" என்றேன். எவ்வளவு நல்ல செட் தெரியுமா அது? கீழ் வரிசையில் ஒரு பல்லை நீ மயிரிழை திருப்பி வைத்திருக்கிறாய், இயற்கையாகத் தெரிய. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. பார்த்ததும் மறுபடி வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. வேலையில் கண்ட ஒரு பிழையையும் அதை எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் எழுது என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் அந்தோணி அண்ணன் செட்டை, நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அவர்கள் எனக்குச் சான்றிதழ் கொடுக்காமலும் போகலாம்.

கடைசிப் பக்கம்தான் பாக்கி. என் வேலையை நேரில் பார்த்த, பதிவு பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், நடப்பு வருடத்துச் சான்றிதழ் எண்ணோடு. எனக்குத் தெரிந்து அப்படி ஓர் ஆள் நீதான். உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் ஒரு வருடம் அதை வாளிக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது கேட்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு, போட மனம் வந்தால் போடு, வராவிட்டால் விடு. ஜொகூருக்குப் போவதென்றாலும் போ, அங்கேயும் லேப் இருக்கிறது. கிடங்குக்கு மட்டும் போகாதே.

கோப்பு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, பேனா அதன்மேல் இருக்கிறது. உன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டால் என் கோப்பில் நீ போடும் கையெழுத்து செல்லாதாம். அதனால் முதலில் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

அப்பா